‘ஹ்யூமன் ஃபேக்டர்ஸ்’ – தமிழில் எது சரி?

அன்பர்களுக்கு வணக்கம்.

அணுக்கழிவைப் பதப்படுத்தும் ஆலைகளின் வடிவமைப்பைப் பற்றிய பாடநூல் இயலொன்றை வெள்ளிக்கிழமைக்குள் மொழிபெயர்த்துத் தர வேண்டும். ‘ஹ்யூமன் ஃபேக்டர்ஸ்’ என்பதற்கு ‘மனிதக் காரணிகள்’ என எழுதியிருக்கிறேன். ஆனால், ‘காரணி’ என்றதும் விபத்துக்குத் தொழிலாளியே காரணம் என்று மாணவர் கொள்வரோ என அஞ்சுகிறேன். இத்துறை சொல்வதோ நேர்மாறானது: களைப்பும் மறதியும் மனித இயல்பு என ஏற்று, அளவுமானியையும் எச்சரிக்கை மணியையும் செயல்முறைக் குறிப்பையும் அதற்கேற்ப அமைப்பது.

•

அம்மையீர், ‘காரணி’ வடசொல்வழி வந்தது, ‘ஆள்வினை’ எனலாம். “பொறியின்மை யார்க்கும் பழியன்று அறிவறிந்து ஆள்வினை இன்மை பழி” என்னும் குறளில் (618) பொறியும் ஆள்வினையும் அருகருகே நிற்கின்றன. பரிமேலழகர் அங்கே பொறிக்கு விதி என்றே உரை கண்டாலும், அச்சொல் எந்திரத்தையும் குறிப்பதாதலால், எந்திரத்தையும் ஆளையும் சேர்த்து எண்ணும் இத்துறைக்கு இதைவிடப் பொருத்தமான இணை எனக்குத் தெரிந்து இல்லை. ஆளும் ஆளுதலும் ஒரே வேரின என்பதும் என் துணிபு.

•

ஐயா, அந்தக் குறளே உங்கள் சொல்லுக்கு எதிர்ச்சான்று. ஆள்வினை என்றால் முயற்சி. அது இல்லாமையை வள்ளுவர் பழி என்கிறார். பழியை ஆளின் தலையிலிருந்து இறக்க முனையும் துறைக்கு அது எப்படிப் பொருந்தும்? முன்பு ஒருவர் சொன்ன ‘மாந்தக் கூறு’ம் சரிவராது, மாந்தம் என்பது ஊர்வழக்கில் குழந்தைகளுக்கு வரும் செரியாமை.

தெளிவை நான் வற்புறுத்தக் காரணம் உண்டு. 2014 பிப்ரவரி 14 அன்று, நியூ மெக்சிகோவில் நிலத்தடியில் ஏறக்குறைய 650 மீட்டர் ஆழத்திலுள்ள கழிவுக் கிடங்கில் ஒரு பீப்பாய் சூடேறி உடைந்து கதிரியக்கம் வெளியேறியது. கிடங்கு ஏறத்தாழ மூன்றாண்டுகள் கழிவை ஏற்கவில்லை. லாஸ் அலமோஸ் அணு ஆய்வகத்தில் அந்தப் பீப்பாயை நிரப்பியபோது, நைட்ரேட் உப்புகளோடு கனிம உறிஞ்சிக்குப் பதிலாகக் கோதுமையாலான கரிம உறிஞ்சியைக் கலந்திருந்தார்கள். ஆங்கிலத்தில் அவ்விரு சொற்களுக்கும் (‘ஆர்கானிக்’, ‘இன்ஆர்கானிக்’) ஒரு முன்னொட்டே வேறுபாடு. நம் பாடநூல்களில் ‘கரிம’, ‘கனிம’ என ஓர் எழுத்தே வேறுபாடு. இரைச்சல் மிகுந்த கூடத்தில், முகமூடி வழியாக ஒருவர் சொல்ல மற்றவர் எழுதினால் எது பதிவாகும்? முதலில் நாம் திருத்த வேண்டியது அந்த இணையைத்தான்.

•

நாளை வெள்ளிக்கிழமை. மூவர் ‘மனிதக் காரணிகள்’ போதும் என்கிறார்கள். அதையே வைத்து, இங்குக் காரணி என்பது குற்றக்காரணம் அன்று என அடிக்குறிப்பு எழுதிவிட்டேன். உறிஞ்சிகள் வரும் இடங்களில் கரிமம், கனிமம் என்பவற்றை விட்டுக் கோதுமை, களிமண் எனப் பொருளின் பெயரையே இட்டிருக்கிறேன்.

•

அம்மையீர், குறளில் பழி சேர்வது ஆள்வினை இன்மைக்கு, ஆள்வினைக்கு அன்று. என் மறுப்பு பதிவில் இருக்கட்டும்.