திறமைக்கு மட்டும் கிடைக்கிற ஸ்கின்: இருக்கோணுமா, எடுக்கோணுமா?

உவர்மலையான்:
கேள்வி இதுதான். ஒன்லைன் கேம்ல மேல் ரேங்குக்குப் போனவனுக்கு மட்டும், காசு குடுத்தாலும் வாங்க ஏலாத ஒரு ஸ்கின் (கேம்ல ஆளுக்கோ ஆயுதத்துக்கோ போடுற உடுப்பு), ஒரு ஃபிரேம் (படத்தைச் சுத்தி வாற சட்டகம்), ஒரு பட்டம் குடுக்கிறது சரியா? நான் சரி எண்டுதான் சொல்லுவன். திருகோணமலையில இருந்து விளையாடுற எங்களுக்கு இது இன்னும் முக்கியம்.

ஏன் எண்டா மிச்சமெல்லாம் காசு. கவுண்டர் ஸ்ட்ரைக்ல 2013 ஆகஸ்ட்ல ஆயுத ஸ்கின் வந்ததில இருந்து, ஒருத்தன்ட கையில இருக்கிற கத்தி அவன்ட பேர்ஸைத்தான் காட்டுது, அவன் எப்பிடிச் சுடுவான் எண்டு காட்டாது. 2022ல டொலர் 200 ரூபாயில இருந்து 360க்குக் கிட்டப் போச்சு. 10 டொலர் ஸ்கின், கேம் கம்பனி ஒரு சதமும் கூட்டாமலே, 2000 ரூபாயில இருந்து 3600 ஆயிட்டு. அதைக் கட்ட வெளிநாட்டுக்குக் காசு அனுப்புற பேங்க் காட் ஒண்டும் வேணும். உப்புவெளியில ஏ.எல் படிக்கிற பொடியனிட்ட அது எங்க இருக்கு? அவனும் கொரியாக்காரப் பொடியனும் ஒரே மாதிரிப் போடக்கூடிய உடுப்பு, விளையாடி எடுக்கிற உடுப்பு மட்டும்தான்.

வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்ல 2007ல அரீனா எண்ட சண்டைப் போட்டி வந்த நேரம், மேல் 0.5 சதவீதத்துக்குள்ள முடிச்ச கிளாடியேட்டர்களுக்குப் ஏறிப் பறக்கிற ட்ரேக் (டிராகன்) ஒண்டு குடுத்தாங்க. அதில ஏறி வாறவன் ஆர் எண்டு ஒருத்தரும் கேக்கத் தேவையில்ல. அந்த மரியாதையைக் கடையில விக்கக் கூடாது.

கிண்ணியாக் கடலோரம்:
தம்பி, அந்த ட்ரேக்கைச் சொன்னீங்க, மிச்சத்தையும் சொல்லோணும். அந்த நேரம் மற்றவங்கட வேகமான பறவை 280 சதவீத வேகத்தில போச்சு, இது 310ல போச்சு. அழகு எண்டு சொல்லித் தொடங்கினது பலனாப் போச்சு. அது ஒண்டு.

மற்றது, கொரியாப் பொடியனும் உப்புவெளிப் பொடியனும் சமம் எண்டு எழுதியிருக்கீங்க. எதில சமம்? வாலரன்ட் எண்ட சுடுற கேமுக்கு இலங்கையில சேர்வர் இல்ல, மும்பைக்கோ சிங்கப்பூருக்கோதான் போகோணும். கொரியாவில இருக்கிறவனுக்கு அவன்ட நாட்டுக்குள்ளேயே சேர்வர். 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாம இருந்தமே, நினைவிருக்கா? ரேங்க் மேட்ச் நடுவில கரண்ட் போனா கேமுக்கு அது கரண்ட் கட் எண்டு தெரியாது. பாதியில ஓடினவன் எண்டுதான் எழுதும், புள்ளியையும் வெட்டும்.

பப்ஜி மொபைல்ல கொன்கரர் எண்ட ரேங்க் எண்டா மேல் 500 பேர். ஒருக்கா ஏறினாப் போதாது, கீழ இருக்கிறவன் தள்ளிப்போட்டுப் போகாம ஒவ்வொரு நாளும் விளையாடோணும். வாப்பாவோட கடலுக்குப் போற பொடியன் எப்பிடி அந்த 500க்குள்ள நிப்பான்? ஒரு போனை மூண்டு பேர் பங்கு போடுற வீடு எங்கட பக்கத்தில எத்தினை எண்டு வந்து பாருங்க. நீங்க திறமை எண்டு சொல்லுறதுக்குப் பின்னால ஃபைபர் லைனும், கரண்ட் போனாலும் ஓட வைக்கிற யூபிஎஸ்ஸும், வேலை வெட்டி இல்லாத நேரமும் நிக்குது. அந்த மூண்டும் காசுதான்.

உவர்மலையான்:
நானா, கரண்ட் கட்டையும் பிங்கையும் (சேர்வர் தூரத்தால வாற தாமதத்தையும்) நான் இல்லை எண்டு சொல்லேல்ல. ஆனா மக்கேசர் ஸ்டேடியத்தில ஓடுற பிள்ளையளைப் பாருங்க. ஒரு பிள்ளைக்கு ஸ்பைக்ஸ் சப்பாத்து, அடுத்த பிள்ளை வெறுங்கால். அதுக்காக நல்லா விளையாடுற பிள்ளைக்கு ஸ்கூல்ல கலர்ஸ் எண்ட சின்னம் குடுக்கிறதை நிப்பாட்டுங்க எண்டு கேட்டமா? வெறுங்காலோட ஓடி கலர்ஸ் எடுத்த பிள்ளைக்கு அந்தத் துணியில இருக்கிற சின்னம் எவ்வளவு பெரிசு எண்டு அந்த வீட்டில கேளுங்க. எல்லாருக்கும் குடுத்தா முதல்ல நட்டப்படுறது அந்தப் பிள்ளைதான். பக்கத்தில சேர்வர் கேப்பம், கரண்ட் போனவனுக்குத் திரும்பி உள்ள வர நேரம் கேப்பம். பரிசை எடுக்கச் சொல்லிக் கேக்க மாட்டன்.

வேகம் கூடின ட்ரேக் எனக்கும் வேண்டாம். நான் கேக்கிறது உடுப்பு மட்டும்.

நிலாவெளி ஆசிரியை:
நான் விளையாடுவதில்லை. ஆனால் விளையாடும் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன், எனவே ஒரு விடயம் சொல்ல வேண்டும்.

1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் பாலர் பள்ளிப் பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். எல்லோரும் ஏற்கெனவே படம் கீறுவதில் ஆசையுள்ள பிள்ளைகள். ஒரு குழுவிடம், கீறினால் தங்க நட்சத்திரமும் நாடாவும் வைத்த சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு ஒன்றும் சொல்லாமல், கீறி முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவுமே இல்லை. ஓரிரு கிழமை கழித்து, விருப்பம்போல் விளையாட விட்ட நேரத்தில், முதற்குழுப் பிள்ளைகள் மட்டும் படம் கீறுவதைக் குறைத்திருந்தார்கள். சொல்லாமல் பரிசு பெற்றவர்களின் ஆசை குறையவில்லை.

கேமில் ஒரு சீசனுக்குள், அதாவது குறித்த காலத்துக்குள், எடுக்க வேண்டிய பரிசு அந்த முதலாவது வகை. என்ன கிடைக்கும், எந்தத் திகதிக்குள் எடுக்க வேண்டும் என்பதை முதல் நாளே காட்டிவிடுகிறார்கள். சீசன் முடியும் கிழமையில் என் ஓ.எல் வகுப்பில் கண் சிவந்து வரும் பிள்ளைகளிடம் விளையாட்டு எப்படி என்று கேட்டால், “இன்னும் ரெண்டு ரேங்க் இருக்கு டீச்சர்” என்கிறார்கள். நன்றாக இருந்தது என்று ஒருவர்கூடச் சொல்வதில்லை. எனக்கு உறுத்துவது இதுதான்.

சாம்பல்தீவு ஸ்னைப்பர்:
டீச்சர், மரியாதையோட சொல்றன். படம் கீறுற பிள்ளைக்கு எதிரில ஆரும் இல்ல. எனக்கு முன்னால என்னைத் தோக்கடிக்க ஒருத்தன் இருக்கான். போட்டி எண்டு வந்தா ஆர் வெண்டது எண்டு தெரியத்தானே வேணும்.

இன்னொண்டு. நான் மைக்கில கதைச்சா, என்ட இங்கிலீஷைக் கேட்டு வேற நாட்டுப் பொடியள் சிரிச்சிருக்கிறாங்கள், டீமை விட்டுத் தூக்கியும் இருக்கிறாங்கள். ரேங்க் ஃபிரேம் வந்த பிறகு நான் “இடப்பக்கம் போ” எண்டா போறாங்கள். அது எனக்கு அலங்காரம் இல்ல. தயவுசெய்து அதை எடுக்கச் சொல்லிக் கேக்காதீங்க.

முப்பரிமாணக் கைவேலை:
நான் இங்க வீட்டில இருந்தபடி வெளிநாட்டு ஸ்டூடியோக்களுக்குக் கேம் மொடல் செய்யிறவன். ஒரு முழு ஸ்கின் எண்டா ஒருத்தர் வரைவார், ஒருத்தர் மொடல் செய்வார், நிறமும் மேல்தோலும் தனி வேலை, அசைவு தனி, வெளிச்ச எஃபெக்ட் தனி. கிழமைக் கணக்கில போகும். இவ்வளவையும் செய்து 500 பேருக்கு மட்டும் குடுக்கிறது செய்தவனுக்கும் கவலைதான், உண்மையா. நாங்க செய்ததை ஆக்கள் போட்டுப் பாக்கோணும் எண்டு நினைக்கிறம்.

ஆனா செய்த மொடலுக்கு நிறம் மாத்திறது அவ்வளவு வேலை இல்ல. லீக் ஒஃப் லெஜன்ட்ஸ் இதைத்தான் பிடிச்சுது. 2011ல இருந்து விக்டோரியஸ் எண்ட பரிசு ஸ்கின் கோல்ட் ரேங்குக்கும் அதுக்கு மேலயும் வந்தவைக்கு மட்டும்தான் குடுத்தாங்க. 2023ல மாத்தினாங்க: கோல்டுக்குக் கீழ இருக்கிறவையும் கனக்க மேட்ச் விளையாடினா அந்த ஸ்கின் கிடைக்கும் எண்டு, எந்த ரேங்க் எண்டதை நிறம் சொல்லும் எண்டு. எனக்கு அது நியாயமாப் படுது.

உவர்மலையான்:
எனக்குப் படேல்ல. தூரத்தில இருந்து பாத்தா நிறமா தெரியும்? உருவம்தான் தெரியும். 12 வருஷம் அந்த உருவம் எங்கட உழைப்பைச் சொல்லிச்சுது, இப்ப கனக்க விளையாடினதையும் சேத்துச் சொல்லுது. ரொக்கெட் லீக் கேம்ல இருக்கிற வழி எனக்குப் பிடிக்கும். ஒவ்வொரு ரேங்க் பரிசுக்கும் அந்த ரேங்கில இருந்துகொண்டு 10 மேட்ச் வெல்லோணும். ஒருக்கா தட்டுத்தடவி ஏறிட்டு ஒளிச்சிருக்கேலாது.

கிண்ணியாக் கடலோரம்:
காசுக்கு வாங்க ஏலாதது எண்டு திரும்பத் திரும்பச் சொல்றீங்க. ஸ்கின்னை விக்காட்டியும் எக்கவுண்டை விக்கிறாங்களே! முகநூல் குழுக்களில போய்ப் பாருங்க, எந்த எக்கவுண்டுக்கு விலை கூட? கடையில இல்லாத ஃபிரேம் இருக்கிற எக்கவுண்டுக்குத்தான். கடையில விக்காத சாமானுக்குத்தான் கள்ளச்சந்தை வரும். காசு வாங்கிக்கொண்டு மற்றவன்ட எக்கவுண்டை ரேங்க் ஏத்திக் குடுக்கிற தொழில் தென்கொரியாவில அவ்வளவு பெருத்துப்போய், 2018 டிசம்பர்ல பாராளுமன்றத்தில சட்டமே போட்டாங்க. கூடினபட்சம் 2 வருஷச் சிறை, 2 கோடி வொன் தண்டம். நீங்க கேக்கிற மரியாதைக்கு நாடு ஒண்டு பொலிசை அனுப்ப வேண்டி வந்திருக்கு.

சாம்பல்தீவு ஸ்னைப்பர்:
வாங்கின எக்கவுண்ட் முதல் மேட்ச்லயே பிடிபடும் நானா. ஃபிரேம் இருக்கும், கை இருக்காது. அவனை நாங்க ரிப்போர்ட் பண்ணுறம். கள்ளன் இருக்கான் எண்டு பரிசை நிப்பாட்டினா, கள்ளனுக்குப் பதிலா எனக்குத்தான் தண்டனை.

நிலாவெளி ஆசிரியை:
தம்பி, உங்களுடையதைப் பறிக்கும்படி நான் கேட்கவில்லை. முன்னால் கட்டித் தொங்கவிடும் அந்தத் திகதியைத்தான் கேட்கிறேன். ஒரு சீசனில் எடுக்க முடியாததை மூன்று சீசனில் எடுக்க விட்டால் என்ன குறைந்துவிடும்?

கிண்ணியாக் கடலோரம்:
டீச்சர் சொல்றதோட நானும் நிக்கிறன். 2019ல வந்த மொடர்ன் வோஃபெயார் கேம்ல ஆயுதத்துக்குப் போடுற டமாஸ்கஸ் எண்ட நிறம் ஒண்டு இருந்திச்சு. ஒவ்வொரு வகை ஆயுதத்திலயும் குடுத்த சவாலை முடிச்சுக்கொண்டு போகோணும். ரேங்கும் இல்ல, 500 பேர் எண்ட வரம்பும் இல்ல, சீசன் முடியுது எண்ட அவதியும் இல்ல. கடலால வந்து ராவைக்கு ஒரு மணித்தியாலம் விளையாடினாலும் ஒரு நாள் கையில வரும். கரண்ட் போனா நாளைக்கு மிச்சம்.

உவர்மலையான்:
அது பொறுமைக்குப் பரிசு. நல்ல பரிசுதான், இருக்கட்டும். ஆனா முன்னால நிக்கிற ஆளை வெல்லுறது வேற வேலை, அதுக்கு வேற சின்னம் வேணும். ரெண்டையும் ஒரே உடுப்பில தைக்காதீங்க.

சாம்பல்தீவு ஸ்னைப்பர்:
அப்ப டமாஸ்கஸும் இருக்கட்டும், ஃபிரேமும் இருக்கட்டும். எந்த சீசன்ல எடுத்தது எண்டு ஃபிரேம்லயே வருஷம் போடட்டும். பிறகு வாறவன் அவன்ட வருஷத்தோட எடுக்கட்டும், என்ட வருஷத்தைக் குடுக்க வேண்டாம்.

கிண்ணியாக் கடலோரம்:
வருஷம் போடுறதுக்கு நான் ஓம். ஆனா 2022 எண்டு போட்ட ஃபிரேம் எங்கட ஊர்ல எத்தினை பொடியனிட்ட இருக்கும் எண்டும் ஒருக்கா எண்ணிப் பாருங்க. அந்த வருஷம் தவறவிட்டவனுக்கு என்ன செய்யிறது எண்டு இன்னும் ஒருத்தரும் சொல்லேல்ல.