டெல்லிக்குப் புதிதாக வந்த நம்மவர்களுக்கு: நிலநடுக்கமும் வாடகை வீடும்

கேஸ் இணைப்பு, பள்ளிக்கூட அட்மிஷன், குளிர்காலத் துணிமணி எல்லாம் இந்த இழையில் ஏற்கெனவே பேசியாகிவிட்டது. இப்போது அதிகம் வருகிற கேள்வி வேறு. "ஒரு நாள் ராத்திரி கட்டில் ஆடியது. அன்று முதல் என் மனைவி சரியாகத் தூங்குவதில்லை. கோயம்புத்தூருக்கே மாற்றல் கேட்டுப் போய்விடலாமா?" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். இதையே வேறு வேறு விதமாகப் பலரும் கேட்டிருக்கிறீர்கள். நெடுநாள் டெல்லிவாசி, கட்டடப் பொறியாளன் என்ற இரண்டு முறையிலும் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தங்கைக்கு. பயப்படுவதில் தப்பே இல்லை அம்மா. டெல்லி நிலநடுக்க வரைபடத்தில் நான்காம் மண்டலத்தில் இருக்கிறது (மண்டல எண் கூடக் கூட ஆபத்தும் கூடும்), அது உண்மை. ஆனால் பூமி ஆடுவதால் மட்டும் சாகிறவர்கள் மிகக் குறைவு. இடிகிற சுவரும் சரிகிற தூணும்தான் உயிரை வாங்குகின்றன. அடுத்த அதிர்வு எப்போது வரும் என்று ராத்திரி முழுக்க விழித்திருப்பதில் பயனில்லை. எந்த வீட்டில் குடியிருக்கிறோம் என்று ஒரு பகல் உட்கார்ந்து யோசித்தால் நிறையப் பயன் உண்டு.

கோயம்புத்தூர் என்று சொன்னதால் ஒன்று. 1900 பிப்ரவரி 8 அன்று அங்கே ஏறத்தாழ 6 அளவில் ஒரு நிலநடுக்கம் வந்தது. தென்னிந்தியாவில் பதிவான பெரிய அதிர்வுகளில் அதுவும் ஒன்று. சென்னையையும் 2002-ல் இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றினார்கள். நம் ஊரில் ஆபத்து குறைவுதான், இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது.

டெல்லியில் நாம் உணர்கிற ஆட்டம் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. வித்தியாசம் தெரிந்துவிட்டாலே பாதிப் பதற்றம் குறையும்.

ஒன்று, காலுக்கு அடியிலேயே வருவது. 2025 பிப்ரவரி 17 அதிகாலை 5.36-க்கு வந்தது அந்த ரகம். தௌலா குவான் பக்கம், வெறும் 5 கிலோமீட்டர் ஆழத்தில், அளவு 4.0. ஆர்.கே.புரம், மோதி பாக் பக்கம் இருந்த நம்மவர்கள் பலருக்கு ஆட்டத்தைவிட அந்தச் சத்தம்தான் மறக்கவில்லை. வெடி வைத்த மாதிரி ஒரு உறுமல். ஆழம் குறைவாக இருந்தால், முதலில் வருகிற அலைகளின் வேகமான அதிர்வு தரையிலிருந்து காற்றுக்கு ஏறி நம் காதுக்கே கேட்கும். சத்தம் பெரிதாக இருந்ததால் நிலநடுக்கமும் பெரிது என்று ஆகாது. சில விநாடியில் முடிந்தது, உயிர்ச்சேதம் இல்லை. அதே ஆண்டு ஜூலை 10 காலை ஹரியானாவின் ஜஜ்ஜரில் 4.4 அளவில் வந்ததும் இந்த வகைதான்.

இன்னொன்று, தொலைவிலிருந்து வருவது. 2023 மார்ச் 21 இரவு பத்தேகால் மணி வாக்கில் ஆப்கானிஸ்தானின் ஹிந்துகுஷ் மலையில், 150 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், 6.6 அளவில் வந்தது. ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிற நொய்டா, குர்கான் மாடிக் குடியிருப்புகளில் எல்லாரும் போர்வையோடு கீழே நின்றார்கள். தரைத்தளத்தில் இருந்த பலருக்கோ ஒன்றுமே தெரியவில்லை. காரணம் இதுதான்: நெடுந்தூரம் வருவதற்குள் வேகமான அதிர்வுகள் தேய்ந்து, மெதுவாக அசைகிற நீண்ட அலைகள் மட்டும் மிஞ்சும். உயரமான கட்டடத்தின் இயல்பான அசைவும் மெதுவானது. பத்து மாடி என்றால் ஒரு முறை போய் வர ஏறக்குறைய ஒரு விநாடி, இருபது மாடி என்றால் இரண்டு. இரண்டின் தாளமும் ஒத்துப்போகும்போது மேல்மாடி நன்றாகவே ஆடும். தலை சுற்றும், விளக்கு ஊசலாடும். ஒழுங்காகக் கட்டிய கட்டடம் அப்படி ஆட வேண்டும், ஆடாமல் விறைத்து நின்றால்தான் முறியும். இருபதாவது மாடிக்காரர்களே, அந்த ஆட்டத்தை மட்டும் வைத்து உங்கள் கட்டடம் மோசம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

உண்மையில் எங்களைப் போன்றவர்கள் கவலைப்படுவது இந்த இரண்டைப் பற்றியும் இல்லை. வடக்கே இருநூறு, இருநூற்றைம்பது கிலோமீட்டரில் இருக்கிற இமயமலை அடிவாரத்தைப் பற்றித்தான். 1803 செப்டம்பரில் இன்றைய உத்தராகண்டின் கர்வால் பக்கம் வந்த நிலநடுக்கத்தில் குதுப் மினாரின் உச்சிக் கூண்டு விழுந்தது. 1828-ல் மேஜர் ராபர்ட் ஸ்மித் என்ற பொறியாளர் புதிதாக ஒன்று கட்டி வைத்தார். பொருந்தவில்லை என்று 1848-ல் இறக்கிவிட்டார்கள். இன்றும் அது அங்கே புல்வெளியில் இருக்கிறது. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் குதுப் மினார் கூட்டிப்போவீர்கள் அல்லவா, அப்போது அதையும் காட்டுங்கள். எங்கோ மலையில் வருகிற அதிர்வு இந்த ஊரை என்ன செய்யும் என்பதற்கு அது கண்கூடான சான்று.

"சின்னச் சின்னதாக வந்துகொண்டிருந்தால் நல்லதுதானே அண்ணா, பெரியது வராது என்கிறார்களே" என்று மயூர் விஹாரிலிருந்து ஒரு தங்கை கேட்டார்.

அப்படி இல்லை அம்மா. அளவில் ஒரு எண் கூடினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடும். ஒரு 7-க்கு ஈடாக 4 அளவுள்ளவை முப்பதாயிரத்துக்கும் மேல் வர வேண்டும். ஆகவே சின்னவை பெரியதைத் தணிப்பதில்லை. பெரியது வரப்போகிறது என்பதற்கு அவை சகுனமும் இல்லை. எங்கே, எப்போது, எவ்வளவு என்று மூன்றையும் முன்கூட்டிச் சொல்ல உலகத்தில் யாராலும் இன்றுவரை முடியவில்லை. 2023 பிப்ரவரியில் துருக்கி நிலநடுக்கத்துக்குப் பிறகு, கோள்களின் நிலையை வைத்து அடுத்தது இந்தியப் பக்கம் என்று ஒரு காணொளி வாட்ஸ்அப்பில் சுற்றியது. மறுமாதம் ஹிந்துகுஷ் ஆடியது. ஆனால் ஹிந்துகுஷ் ஆண்டுதோறும் ஆடுகிற இடம், அங்கே நிலநடுக்கம் வரும் என்று சொல்ல ஜோசியமே வேண்டாம். 2015 நேபாள நிலநடுக்கத்தின்போதும் நிலா தலைகீழாகத் தெரிகிறது, நாசா எச்சரித்திருக்கிறது என்று புரளி கிளம்பி, ஜனங்கள் ராத்திரி தெருவில் உட்கார்ந்திருந்தார்கள். இப்படி வருகிற செய்தியைத் தயவுசெய்து வீட்டு குரூப்பில் அனுப்பாதீர்கள். உங்களைவிட ஊரில் இருக்கிற அம்மாதான் அதைப் படித்து நொந்துபோவார்.

முன்னறிவிப்பு வேறு, எச்சரிக்கை மணி வேறு. நிலநடுக்கம் தொடங்கியபின் முதல் அலை வேகமாகவும், பலமாக ஆட்டுகிற இரண்டாம் அலை மெதுவாகவும் வரும். முதல் அலையைக் கண்டதும், இரண்டாவது வந்து சேருமுன் நமக்குச் சொல்வதுதான் எச்சரிக்கை மணி. இமயமலையில் பெரியது வந்தால் ஆட்டம் டெல்லியை எட்ட ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகலாம். ஆண்ட்ராய்டு போனில் அந்த எச்சரிக்கை 2023 முதல் இந்தியாவில் உண்டு, செட்டிங்ஸில் போட்டு வையுங்கள். காலடியில் வருவதற்கு அது உதவாது.

இனி வீடு. எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

நிலம் எல்லா இடத்திலும் ஒன்று இல்லை. ஆர்.கே.புரம் மலை மந்திர் நிற்கிற குன்று ஆரவல்லிப் பாறையின் தொடர்ச்சி. அந்த முகட்டை ஒட்டிய பகுதிகளில் தரை உறுதி. யமுனைக்கு அந்தப் பக்கம் மயூர் விஹார், லக்ஷ்மி நகர் எல்லாம் ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல் மண். பாறையில் சட்டென்று கடந்து போகிற அலை, மென்மையான மண்ணில் பெருத்துவிடும். நிலத்தடி நீர் மேலே இருக்கிற மணலில், பலமாக ஆடினால் மண்ணே குழைந்து பிடிமானம் போய்விடவும் கூடும். இதனால் மயூர் விஹாரில் குடியேறாதீர்கள் என்று சொல்லமாட்டேன். அலுவலகமும் பள்ளியும் கோயிலும் பக்கம் என்றால் அங்கேதான் இருப்பீர்கள். கட்டடத்தை இன்னும் கவனமாகப் பாருங்கள் என்கிறேன்.

கட்டடத்தில் முதலில் பார்க்க வேண்டியது கீழ்த்தளம். டெல்லியில் 'பில்டர் ஃப்ளோர்' என்று நான்கு மாடி வீடுகள் கட்டி, அடியில் கார் நிறுத்தத் தூண்களை மட்டும் விட்டிருப்பார்கள். மேலே எல்லா மாடியிலும் சுவர் இருக்கிறது, அதனால் விறைப்பு. கீழே சுவரே இல்லை. தலையில் நெல்மூட்டை சுமப்பவருக்கு முழங்கால் தளர்ந்தால் எப்படியோ அப்படி, மொத்த ஆட்டமும் அந்தத் தூண்களில் இறங்கும். 2001 ஜனவரி 26 குஜராத்தின் பூஜ் நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் சரிந்து நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள். இடிந்தவற்றில் பல இந்த மாதிரி கார் நிறுத்தத் தூண்மேல் நின்றவை, ஆற்று வண்டல் மேல் கட்டியவை. டெல்லிக்கும் இமயமலைக்கும் உள்ள தூரத்தை நினைத்துப் பாருங்கள். நான் எதைச் சொல்கிறேன் என்று புரியும்.

தூண் இருப்பதே தப்பில்லை. தூண்கள் தடிமனாக இருக்கின்றனவா, நடுநடுவே கான்கிரீட் சுவர் கொடுத்திருக்கிறார்களா, கம்பி துருப்பிடித்துப் பூச்சு உதிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சுவர்ப் பூச்சில் மயிரிழை விரிசல் இருந்தால் கவலை வேண்டாம். தூணிலோ, தூணும் உத்திரமும் சேருகிற இடத்திலோ சாய்வாக விரிசல் ஓடினால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். வீட்டுக்காரரிடம் நேராகக் கேளுங்கள்: எந்த வருஷம் கட்டியது, பொறியாளர் வரைபடம் இருக்கிறதா, மேல்மாடி பிறகு ஏற்றியதா. இரண்டு மாடிக்குப் போட்ட அஸ்திவாரத்தில் ஐந்து மாடி நிற்கிற வீடுகள் முனிர்கா, லக்ஷ்மி நகர் சந்துகளில் இருக்கின்றன. வாடகை இரண்டாயிரம் குறைகிறது என்று அங்கே மேல்மாடியில் குழந்தையோடு போகாதீர்கள். அந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

குடியேறின முதல் வாரம்: பீரோவைச் சுவரோடு திருகி மாட்டுங்கள், கட்டில் பக்கம் வேண்டாம். பரணில் கனமானது வைக்காதீர்கள். கட்டிலுக்கு அடியில் செருப்பும் டார்ச்சும் இருக்கட்டும், உடைந்த கண்ணாடியில் கால் கிழிவது சாதாரணமாக நடப்பது. குளிர்காலத்தில் கதவோரம் ஸ்வெட்டரும் சால்வையும் வையுங்கள்.

"ஆடும்போது ஓடணுமா, நிற்கணுமா?" இதற்கு இடத்தைப் பொறுத்துத்தான் பதில். தரைத்தளம், கதவைத் திறந்தால் மைதானம் என்றால் வெளியே போகலாம். மூன்றாம் மாடி, இரண்டு ஆள் அகல சந்து என்றால் போகவே கூடாது. கைப்பிடிச் சுவரும் தண்ணீர்த் தொட்டியும் மின்கம்பியும் அந்தச் சந்தில்தான் விழும். உறுதியான மேசைக்கு அடியில் குனிந்து, தலையை மறைத்து, மேசைக் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேசை இல்லாவிட்டால் ஜன்னலையும் பீரோவையும் விட்டுத் தள்ளி, உள்சுவர் ஓரமாக உட்கார்ந்து, தலைக்குத் தலையணை. லிஃப்ட் கூடாது. ஆடிக்கொண்டிருக்கும்போது படிக்கட்டும் கூடாது. பால்கனியிலிருந்து குதிக்கவே கூடாது. நின்றபிறகு கேஸை மூடி, படியில் இறங்கி, திறந்தவெளிக்குப் போங்கள். பின்னதிர்வு வரலாம், அதனால் கொஞ்ச நேரம் கழித்தே மேலே ஏறுங்கள். ஆபத்து என்றால் 112.

ஊருக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்க்காதீர்கள், எல்லாரும் ஒரே நேரத்தில் போட்டால் லைன் கிடைக்காது. "நாங்கள் நலம்" என்று ஒரு குறுஞ்செய்தி போதும். அளவு, மையம் எல்லாம் லோதி ரோட்டில் இருக்கிற தேசிய நிலநடுக்கவியல் மையம் சில நிமிடத்தில் வெளியிடும். டிவியில் சிவப்பு எழுத்தில் அலறுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

"எதுவும் ஆடாதபோதும் ஆடுகிற மாதிரியே இருக்கிறது, எனக்கு ஏதாவது நோயா?" என்று அந்தத் தம்பியின் மனைவி கேட்கச் சொன்னாராம். இது பலருக்கும் வருவதுதான். 2011-ல் ஜப்பானில் பெரிய நிலநடுக்கத்துக்குப் பின் ஏராளமானவர்களுக்கு இப்படித் தலைசுற்றல் வந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். உடம்பு அடுத்த ஆட்டத்துக்குக் காதைத் தீட்டி வைத்திருக்கிறது, அதனால் லாரி போனாலும் துள்ளுகிறது. மின்விசிறியைப் பார்க்காதீர்கள், அது சும்மாவே ஆடும். பாதி தண்ணீர் ஊற்றிய பாட்டிலை மேசையில் வையுங்கள். சந்தேகம் வந்தால் அதைப் பாருங்கள். தண்ணீர் அசையவில்லை என்றால் கட்டடமும் அசையவில்லை. பெரும்பாலும் சில வாரத்தில் சரியாகிவிடும். மாதக் கணக்கில் தூக்கம் கெட்டால் மருத்துவரைப் பாருங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பகலெல்லாம் தனியாக, ஹிந்தி தெரியாமல், பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாமல் இருப்பவருக்குப் பயம் இரட்டிப்பாகும். அதை அந்தத் தம்பி புரிந்துகொள்ள வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாகக் கீழே இறங்கி, நடக்கிற தூரத்தில் இருக்கிற பார்க்கைப் பார்த்துவிட்டு வாருங்கள். எதிர்வீட்டு ஆன்ட்டியிடம் போன் நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தைக்கு மேசை அடியில் உட்காரப் பழக்குங்கள், இரண்டு முறை செய்தாலே பிடித்துக்கொள்ளும்.

வீடு பார்த்துக்கொண்டிருப்பவர்கள் எந்த ஏரியா, எத்தனை மாடி, கீழே பார்க்கிங்கா, எந்த வருஷம் கட்டியது என்று எழுதுங்கள். தூண்களின் போட்டோவும் போடுங்கள், முகவரி வேண்டாம். பார்த்துச் சொல்கிறேன். சந்தேகமாக இருந்தால் நேரில் ஒரு பொறியாளரை அழைத்துப் போய்க் காட்டுங்கள்.