புதுப்பிப்பு: பழைய கேமிங் பிசியை மாத்திறதோ, வச்சிருக்கிறதோ

போன மாதம் கேட்டிருந்தன்: என்ர பிசி ஐ5-7500 புரொசெசர், ஜிடிஎக்ஸ் 1060 கிராபிக்ஸ் கார்ட், 16 ஜிபி ராம். கேம் இடையில இறுகி இறுகி நிக்குது, முழுசா மாத்தவோ எண்டு. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

ஒரு அண்ணா சொன்னபடி முதல்ல திறந்து பாத்தன். கிளிநொச்சிப் புழுதி தெரியும்தானே, எங்கட வீடு றோட்டுக்கரை வேற. புரொசெசரின்ர சூட்டை வெளியேத்திற ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவில செம்மண் அப்பிக் கிடந்தது. ஊதித் துப்பரவாக்கி, சூட்டைக் கடத்திற தேர்மல் பேஸ்ட் புதுசாப் பூசினன். 95 பாகையில நிண்ட சூடு 72க்கு இறங்கிட்டுது. உண்மையா பெரிய சந்தோசம்.

ஆனா இறுகிறது முழுசா நிக்கேல்லை. கார்ட்டின்ர வேலை குறையட்டும் எண்டு ரெசொலூசனைக் குறைச்சுப் பாத்தன், செக்கனுக்கு வாற பிரேம் (படம்) கூடேல்லை. அப்ப பிரச்சினை கார்ட்டில இல்லை, புரொசெசரில. அதில நாலு கோர் (வேலை செய்யிற பகுதி), நாலு திரெட் (ஒரே நேரத்தில ஓடுற வேலை) தான். இப்பத்தைய கேம் கனக்க அதுக்குள்ள அடங்காது. விண்டோஸ் 11உம் உத்தியோகபூர்வமா இதை ஏற்காது. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓட முடிஞ்சுது.

அதால ரைசன் 5 5600 புரொசெசரும் அதுக்குப் பொருந்திற ஏஎம்4 மதர்போர்டும் மட்டும் எடுக்கிறன். ஆறு கோர், 12 திரெட். என்ர டிடிஆர்4 ராம் அப்பிடியே பொருந்தும். கேசிங், எஸ்எஸ்டி, கார்ட் எல்லாம் பழசுதான். மிச்சக் காசுக்கு ஒரு யூபிஎஸ். மாரியில இங்க கரண்ட் போய்வாற விதத்துக்குப் புது போர்டை நேர பிளக்கில குடுக்க எனக்கு மனம் வரேல்லை.

வவுனியாவில ஓடர் குடுத்தாச்சு. பூட்டினதும் பிரேம் கணக்கோட வாறன்.