சோற்றைக் கைவிடாமல் எடையையும் இடுப்பளவையும் குறைக்க அன்றாடத்தில் எவற்றை மாற்றலாம்?

கேள்வி: பேரேடு (திருப்பூர்)

அனைவருக்கும் வணக்கம். பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். வயது 43, உயரம் 168 செ.மீ., எடை 78 கிலோ. அண்மையில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் வெறும் வயிற்றில் சர்க்கரை 112 என்றும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 6.0 என்றும் வந்தன. மருத்துவர் மாத்திரை எதுவும் எழுதவில்லை. இது நீரிழிவுக்கு முந்தைய நிலை, நான்கைந்து கிலோ குறைத்துக்கொண்டு ஆறு மாதம் கழித்து மறுபடியும் வாருங்கள் என்றார். எப்படிக் குறைப்பது என்று நான் கேட்பதற்குள் அடுத்தவரை உள்ளே அழைத்துவிட்டார்கள்.

என் அன்றாடம் இதுதான். காலையில் நான்கைந்து இட்லி அல்லது தோசை. மதியம் வீட்டிலிருந்து கொண்டுபோகும் சாதம், சாம்பார், ஒரு பொரியல், கடைசியில் தயிர்சாதம். மாலை ஐந்து மணிக்கு எதிர்க்கடையில் தேநீரும் வடையோ பஜ்ஜியோ. வீடு திரும்ப எட்டரை மணியாகிவிடும், ஒன்பதரைக்குத் தோசை, பதினொன்றரைக்கு உறக்கம். காப்பியும் தேநீருமாக நாளுக்கு ஐந்து முறை குடிக்கிறேன். கழிப்பறைக்குப் போவதைத் தவிர நாற்காலியை விட்டு எழுவது அரிது.

கேட்டவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். வெந்நீரில் தேனும் எலுமிச்சையும் கலந்து குடிக்கச் சொல்கிறார் மேலாளர். "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று அம்மா தினமும் கொள்ளு ரசம் வைக்கிறார். சோற்றை அடியோடு நிறுத்திவிட்டுச் சிறுதானியத்துக்கு மாறு என்கிறார் மைத்துனர். உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போக எனக்கு நேரமில்லை. அம்மா, மனைவி, மகன், நான் என நால்வர் உள்ள வீட்டில் எனக்கென்று தனிச் சமையல் செய்யச் சொல்லவும் மனமில்லை. இந்த வரம்புக்குள் நின்று எவற்றை மாற்றினால் பலன் கிடைக்கும் என்று விவரமறிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

பதில் 1: உணவியலர் (திருச்சி)

வணக்கம் ஐயா. உங்களுக்குச் சொல்லப்பட்ட யோசனைகளில் இரண்டு, புதிதாக ஒன்றைச் சேர்க்கச் சொல்பவை. ஒரு தேக்கரண்டித் தேனில் ஏறத்தாழ 20 கலோரி இருக்கிறது. அதை வெந்நீரில் கலந்தாலும் அது குறைவதில்லை, உடலில் உள்ள கொழுப்பைக் கரைக்கும் ஆற்றலும் அதற்கு வந்துவிடுவதில்லை. கொள்ளு நல்ல பயறுதான், 100 கிராமில் 20 கிராமுக்கு மேல் புரதம் உண்டு. ஆனால் ரசத்தில் இறங்குவது அதில் சிறு பங்கே, ஆகவே வடிகட்டிய ரசத்தைவிடச் சுண்டலாகவோ துவையலாகவோ அதை உண்பது மேல். சிறுதானியத்தைப் பொறுத்தவரை, தினை, சாமை, வரகு எதுவானாலும் சமைக்காத நிலையில் 100 கிராமுக்கு 300 முதல் 350 கலோரி வரை தருகின்றன, அரிசியும் ஏறத்தாழ 350 தருகிறது. நார்ச்சத்து கூடுதல் என்பதால் சிறுதானியத்துக்குச் சிறப்பு உண்டு என்றாலும், தட்டு நிறைய வரகரிசிச் சோறு உண்டால் எடை குறையும் என்று எதிர்பார்ப்பது வீண்.

உங்கள் நாளில் என் கண்ணுக்கு முதலில் பட்டது அந்த ஐந்து கோப்பைகள். கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை என்று வைத்துக்கொண்டால் நாளுக்குப் பத்துத் தேக்கரண்டி, அதாவது ஏறத்தாழ 50 கிராம், 200 கலோரி. ஒருவர் உண்ணும் மொத்த ஆற்றலில் சேர்க்கப்படும் சர்க்கரையின் பங்கு 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றும், அது 5 விழுக்காட்டுக்குள், அதாவது நாளுக்கு 25 கிராம் அளவில் நின்றால் இன்னும் நல்லது என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இனிப்பைத் தொடாமலேயே நீங்கள் அதைப் போல இரு மடங்கை எட்டிவிடுகிறீர்கள். தேநீர்க் கடையில் ஒவ்வொரு கண்ணாடிக் குவளையிலும் தனித்தனியாகச் சர்க்கரை போடுவதால் குறைக்கச் சொல்லலாம். அலுவலகத்துக்குக் குடுவையில் தேநீர் வருகிறது என்றால் அதில் சர்க்கரை முன்கூட்டியே கலந்திருக்கும், அந்த வேளைகளை விட்டுவிடுவதே எளிது. நாக்கு பழகச் சில வாரங்கள் ஆகும், எனவே முதலில் பாதியாக்குங்கள்.

அடுத்து எண்ணெய். ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தருகிறது, மாவுச்சத்தும் புரதமும் 4 மட்டுமே தருகின்றன. உட்கார்ந்து வேலை செய்பவருக்கு நாளுக்குச் சுமார் 25 கிராம் எண்ணெய் போதும். தாளிப்பதற்கு எவ்வளவு, தோசைக்கு எவ்வளவு என்று தனித்தனியாக அளப்பது எந்த வீட்டிலும் நடக்காத காரியம். அதனால் என்னிடம் வருபவர்களிடம் மாத மளிகைச் சீட்டைத்தான் கேட்பேன். உங்கள் வீட்டில் மாதம் எத்தனை லிட்டர் வாங்குகிறீர்கள் என்று பார்த்துச் சொல்லுங்கள்.

சோற்றை நிறுத்த வேண்டியதில்லை. தட்டில் அதன் பங்கைக் குறைத்து, அந்த இடத்தைக் காய்க்கும் பயறுக்கும் கொடுக்க வேண்டும். இட்லி மாவில் அரிசி நான்கு பங்கு, உளுந்து ஒரு பங்கு. நீர்த்த சாம்பாரில் பருப்பு அதிகமில்லை. மதியம் மறுபடியும் சாதம், இரவு மறுபடியும் அதே மாவு. இப்படி மூன்று வேளையும் மாவுச்சத்தே முதலிடம் பிடித்தால் வயிறு நிறைந்தும் இரண்டு மணி நேரத்தில் பசிக்கும், மாலை வடையைத் தேடச் செய்வதும் அதுதான். காலையில் ஓர் இட்லியைக் குறைத்துக்கொண்டு ஒரு முட்டை சேர்த்தால் 6 கிராம் புரதம் கிடைக்கும். மாலையில் 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்து வேகவைத்த சுண்டல் ஏறத்தாழ 10 கிராம் தரும், அதை டப்பாவில் கொண்டுபோனால் பஜ்ஜியின் நினைவு தானே குறையும். மதியம் பொரியலையும் கூட்டையும் முதலில் பாதியளவாவது உண்டுவிட்டுப் பிறகு சாதத்துக்கு வாருங்கள். காயும் புரதமும் முன்னே சென்றால் உணவுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றம் தணிகிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. இதற்குத் தனிச் சமையலும் தேவையில்லை.

பதில் 2: கொழுப்பே துணை (சேலம்)

மேலே எழுதியவர் சோற்றுக்கு இவ்வளவு பரிந்து பேசுவது எனக்கு வியப்பளிக்கிறது. நான் மாவுச்சத்தைத் தவிர்க்கும் பேலியோ உணவு முறையில் அரிசி, கோதுமை, சர்க்கரை மூன்றையும் நிறுத்தி, இரவு ஏழு மணிக்குப் பிறகு மறுநாள் பதினொரு மணிவரை எதையும் உண்ணாமல் இருந்து, நன்றாகவே இளைத்தேன். சிறுகச் சிறுகக் குறைப்பது பேச்சுக்கு நன்றாக இருக்கும். முழுதாக விட்டால்தான் நாக்கு அடங்கும் என்பது என் கருத்து. ஐயா துணிந்து ஒரு முறை முயன்று பார்க்கலாம்.

பதில் 3: பொதுநல மருத்துவர் (மதுரை)

சேலத்து நண்பருக்குப் பலன் கிடைத்ததில் ஐயமில்லை. மாவுச்சத்தைக் கடுமையாகக் குறைத்தால் தொடக்கத்தில் எடை விரைவாக இறங்கும், அதில் கணிசமான பங்கு உடலிலிருந்து வெளியேறும் நீர். அம்மா இட்லி ஊற்றும் வீட்டில் அந்த முறையை ஓராண்டுக்கு மேல் தொடர்பவர்களை நான் குறைவாகவே பார்க்கிறேன். இன்னொன்றையும் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்ல வேண்டும்: கிளிமிபிரைடு போன்ற நீரிழிவு மாத்திரைகளோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நீண்ட நேரம் பட்டினி இருந்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும். கேள்வி கேட்டவர் மருந்து எதுவும் எடுக்கவில்லை, அவருக்கு அந்த அச்சம் இல்லை. ஆயினும் இரவு உணவை ஒன்பதரையிலிருந்து எட்டரைக்குக் கொண்டுவருவதே அவருக்கு முதல் படியாக இருக்கட்டும்.

உயரத்துக்கு ஏற்ற எடைதானா என்று காட்டும் உடல் நிறைக் குறியீடு (பிஎம்ஐ) உங்களுக்கு 27.6 வருகிறது. நம்மவர்களுக்கு 23 முதல் மிகை எடை, 25 முதல் உடற்பருமன் என்று கொள்கிறோம். ஏனெனில் அதே எடையில் ஐரோப்பியரைவிட நமக்கு வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு அதிகம், தசை குறைவு. அதனால் எடையைவிட இடுப்பளவை நான் முக்கியமாகக் கருதுகிறேன்: ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது வரம்பு. கால்சட்டையின் அளவைச் சொல்லாதீர்கள். தொப்பை உள்ளவர்கள் அதைத் தொப்பைக்குக் கீழே கட்டுவதால் பத்தாண்டாக ஒரே அளவு என்று பெருமைப்பட்டுக்கொள்கிறார்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் நாடாவைச் சுற்றி, மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் அளக்க வேண்டும்.

எடை குறையாவிட்டால் எல்லாம் வீண் என்று பலர் இரண்டே மாதத்தில் கைவிடுகிறார்கள். சென்னையில் அ. ராமச்சந்திரன் குழுவினர் உங்களைப் போல நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டுகள் கண்காணித்து 2006இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வழக்கம்போல் விடப்பட்டவர்களில் 55 விழுக்காட்டினர் நீரிழிவுக்கு உள்ளாயினர்; உணவுக் கட்டுப்பாட்டையும் நாளுக்கு அரை மணி நேர நடையையும் கடைப்பிடிக்கச் சொல்லித் தொடர்ந்து ஊக்குவிக்கப்பட்டவர்களில் அது 39.3 விழுக்காடாக இருந்தது. அந்தக் குழுவினரின் எடை குறிப்பிடத்தக்க அளவுக்குக் குறையவில்லை, அப்படியிருந்தும் நோய்க்கு உள்ளானவர்கள் குறைந்தார்கள். இதை எடைமுள் அசையவில்லை என்று என் அறையில் வந்து வருந்துபவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

நடைக்குத் தனி நேரம் இல்லை என்றால் மூன்று வேளை உணவுக்குப் பிறகும் பத்து நிமிடம் நடந்தால் நாளுக்கு அரை மணி நேரம் சேர்ந்துவிடும். உண்டவுடன் நடக்கும்போது கால் தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை நேரடியாக உள்ளிழுத்துக்கொள்வதால் இந்த நேரம் வீணாவதில்லை. பத்தாயிரம் அடி நடந்தே தீர வேண்டும் என்ற கவலை வேண்டாம். அந்த எண் 1965 அளவில் ஜப்பானில் ஓர் அடியெண்ணிக் கருவியை விற்க வைத்த பெயரிலிருந்து பரவியது, மருத்துவம் வகுத்த எல்லை அன்று. இதனுடன் கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து அமர்வதை நாளுக்கு இருமுறை பத்துப் பத்தாகச் செய்தால் தொடைத் தசை வலுப்பெறும்.

தூக்கத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் கூடுகிறது, நிறைவைத் தெரிவிக்கும் லெப்டின் குறைகிறது. குறட்டை பலமாக இருந்து பகலில் தூங்கி வழிகிறீர்கள் என்றால் தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று பார்க்க வேண்டும். தைராய்டு பரிசோதனையையும் ஒரு முறை செய்துகொள்ளுங்கள்.

கேட்டவர்: பேரேடு

இவ்வளவு பொறுமையாக எழுதிய அனைவருக்கும் நன்றி. நாடாவால் அளந்ததில் இடுப்பு 98 செ.மீ. வந்தது, கால்சட்டை 36 அங்குலம்தான் என்பதால் மருத்துவர் சொன்னதைப் படித்து வீட்டில் அனைவரும் சிரித்தார்கள். மளிகைச் சீட்டில் கடலை எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயுமாக மாதம் 5 லிட்டர் இருக்கிறது, நெய் தனி. தைராய்டு அளவு இயல்பாக உள்ளது.

இரண்டு சிக்கல்கள். தட்டில் சோறு குறைந்தால் அம்மா மனம் வருந்துகிறார், உடம்புக்கு என்ன என்று பலமுறை கேட்கிறார். முகூர்த்த மாதங்களில் வாரம் ஒரு விருந்தாவது வருகிறது, அங்கே எப்படி நடந்துகொள்வது?

பதில் 4: உணவியலர் (திருச்சி)

5 லிட்டர் என்றால் ஏறத்தாழ 4,550 கிராம். நால்வருக்கு முப்பது நாளுக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 38 கிராம் வருகிறது. இதில் மாலை வடை அடங்கவில்லை. அடுத்த மாதம் 4 லிட்டரும் அதற்கடுத்த மாதம் மூன்றரையும் வாங்கச் சொல்லுங்கள். சமைப்பவரிடம் எண்ணெயைக் குறை என்று தினமும் சொன்னால் சண்டைதான் வரும். வாங்கும் அளவைக் குறைத்து, அதை வாரத்துக்கு ஒரு போத்தலாகப் பிரித்து வைத்துவிட்டால் கை தானே அடங்கும். பொரித்த எண்ணெயை மீண்டும் மீண்டும் சூடாக்குவதும் அதனுடன் நின்றுவிடும்.

பதில் 5: நாலு பேர் சமையல் (நாகர்கோவில்)

அண்ணா, என் மாமியாரும் உங்கள் அம்மாவைப் போலத்தான். தட்டில் சோறு குறைவதை அவர் பார்த்தார், காய் கூடுவதைப் பார்க்கவில்லை. அதனால் நான் அவரிடம் அவியல் கேட்டேன், கூட்டு கேட்டேன், கீரை மசியல் இன்னும் ஒரு கரண்டி கேட்டேன். மகன் தன் சமையலைக் கேட்டு வாங்கி உண்கிறான் என்ற நிறைவு எந்தத் தாய்க்கும் போதும். சோற்றின் அளவை அதன்பிறகு யாரும் கவனிப்பதில்லை. கொள்ளு ரசத்தையும் நிறுத்தச் சொல்லாதீர்கள், வேகவைத்த கொள்ளைச் சுண்டலாகத் தாளித்துத் தரச் சொல்லுங்கள்.

விருந்துக்குப் போவதற்கு முன் பட்டினி கிடக்காதீர்கள். பசியோடு உட்கார்ந்தால் முதலில் வைக்கும் இனிப்பும் வடையும் அப்பளமும் சாம்பார் வருவதற்குள் காணாமல் போகும். ஒரு மணி நேரம் முன்பாகக் கொஞ்சம் சுண்டலோ மோரோ எடுத்துக்கொண்டு, இலையில் காய் வகைகளிலிருந்து தொடங்குங்கள். சோறு பரிமாறுபவர் இரண்டாம் சுற்றில் வருவதற்குள் கையால் மறைத்து ரசத்துக்குக் கொஞ்சம் போதும் என்று சொல்லிவிட வேண்டும், தாமதித்தால் கரண்டி கவிழ்ந்துவிடும். பாயசம் வேண்டுமென்றால் அன்றைக்கு அதை மட்டும் வைத்துக்கொண்டு ஜாங்கிரியைப் பக்கத்து இலையில் இருக்கும் பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள்.

பதில் 6: பொதுநல மருத்துவர் (மதுரை)

எடையை வாரம் ஒரு முறை, காலையில் கழிப்பறை சென்றுவந்தபின், அதே எடைமானியில் பாருங்கள். இடுப்பை மாதம் ஒரு முறை அளந்தால் போதும். மறுபரிசோதனைக்குக் குறைந்தது எட்டு மணி நேரம் எதுவும் உண்ணாமல், தண்ணீர் மட்டும் குடித்து, இயன்றால் அதே ஆய்வகத்துக்குச் செல்லுங்கள். எச்பிஏ1சி ஏறத்தாழ மூன்று மாதச் சராசரி என்பதால் அதற்குள் அவசரப்பட்டு மறுபடியும் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் இரத்தசோகை இருந்தால் அந்த அளவு பிழையாகக் காட்டக்கூடும், ஆகவே ஹீமோகுளோபினையும் உடன் பார்க்கச் சொல்லுங்கள்.