டோரிக் கான்டாக்ட் லென்ஸ்: தினசரியா, மாதாந்திரமா? போட்டுப் பழகியவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். தங்கைக்குக் கண்ணாடி பவர் மைனஸ் 4.5, கூடவே சிலிண்டர் (அஸ்டிக்மேடிசம் என்ற பார்வைக் குறைக்கான பவர்) 1.25. அதனால் சாதாரண சாஃப்ட் லென்ஸ் போதாது, சிலிண்டரையும் சேர்த்துச் சரிசெய்யும் டோரிக் வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார், லென்ஸுக்கு 4.25 என்று தனிச் சீட்டும் கொடுத்தார் (கண்ணாடிச் சீட்டைக் காட்டி அப்படியே வாங்கக் கூடாதாம்). தினம் ஒன்று போட்டு எறிவதா, மாதம் ஒரு ஜோடியா என்பதில்தான் குழப்பம். தினசரி என்றால் சுத்தம் செய்யும் வேலையே இல்லை, ஆனால் செலவு அதிகம். மாத லென்ஸுக்கு ஒவ்வொரு நாளும் புது சொல்யூஷன் ஊற்ற வேண்டும், டப்பாவையும் 3 மாதத்துக்குள் மாற்ற வேண்டும். அவள் இருப்பது ஹாஸ்டலில், போர்வெல் தண்ணீர். தண்ணீரில் இருக்கும் அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் கருவிழியையே பாதிக்கும் என்று படித்ததிலிருந்து எனக்குப் பயம், கையைக் கழுவி ஈரம் போகத் துடைக்காமல் லென்ஸைத் தொடாதே என்று தினமும் போனில் சொல்கிறேன்.

அப்புறம் இன்னொன்று. டிரயல் ஜோடியைப் போட்டுவிடுகிறாள், கழற்றத்தான் வரவில்லை. நேற்று இரவு வீடியோ காலில் அரை மணி நேரம் போராடி, கண் சிவந்து அழுதேவிட்டாள். மேலே பார்த்தபடி லென்ஸை வெள்ளை விழிப் பக்கம் இறக்கி, விரல் நுனிகளால் மெதுவாகக் கிள்ளி எடுக்கச் சொல்கிறார்கள். உங்களுக்கு எது கைகொடுத்தது? ஹாஸ்டலில் மாத லென்ஸைச் சுத்தமாக வைத்திருந்தவர்கள் கட்டாயம் எழுதுங்கள்.