பதில்: சி.ஆர்.ஐ-க்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

எல்லோருக்கும் வணக்கம். ஒரு குமிழின் வெளிச்சத்தில் பொருள்களின் நிறம் எவ்வளவு சரியாகத் தெரிகிறது என்பதைச் சொல்லும் எண்தான் சி.ஆர்.ஐ (Colour Rendering Index). அதற்கு இங்கே சொல்லப்பட்ட தமிழ்ப் பெயர்களைப் பார்த்தேன்.

'நிறம் வழங்கல் சுட்டெண்' எனக்குச் சரியாகப் படவில்லை. மின்குமிழ் எங்கே நிறத்தை வழங்குகிறது? பொருளில் இருக்கிற நிறத்தைக் காட்டுகிறது, அவ்வளவுதான். கடையில் யார் இதையெல்லாம் கேட்கப்போகிறார்கள் என்று தம்பி எழுதியிருந்தார், நான் கேட்க வேண்டி வந்தது.

கல்லடியில் வீட்டுப் பின்னறையில்தான் வரைகிறேன். வடக்கு யன்னல் வெளிச்சமே நல்லது என்பார்கள், ஆனால் மட்டக்களப்பில் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை சூரியன் வடக்கே சாய்ந்து நிற்பதால் காலையும் மாலையும் வெயில் அந்த யன்னலாலேயே உள்ளே வந்துவிடும். மாரியில் பகலே இருட்டு. ஆகவே குமிழ்தான் கதி.

கண்ணகி அம்மன் சடங்கு ஒன்றை இரவில் மலிவான எல்.ஈ.டி வெளிச்சத்தில் வரைந்தேன். பட்டின் சிவப்பு மங்கித் தெரிய, மேலும் மேலும் சிவப்பைப் பூசினேன். காலையில் திண்ணையில் வைத்துப் பார்த்தால் கண் கூசுகிறது! பெட்டியில் 6500 கெல்வின், பகல் வெளிச்சம் என்றுதான் போட்டிருந்தது. கெல்வினில் சொல்லும் நிறவெப்பநிலை (வெளிச்சம் மஞ்சளா, வெள்ளையா, நீலமா என்பது) வேறு, சி.ஆர்.ஐ வேறு என்று அன்றைக்குத்தான் உறைத்தது. மூலையில் பொடி எழுத்தில் ஆர்.ஏ (Ra) 80, அதுதான் சி.ஆர்.ஐ எண். பழைய இழைக்குமிழுக்கு இந்த எண் கிட்டத்தட்ட 100, வரைபவர்களுக்கு 90-க்கு மேல் வேண்டும்.

இன்னொரு பெயரான 'மெய்ந்நிறச் சுட்டி' கேட்க அழகுதான். ஆனால் அந்த எண், எட்டு மென்மையான நிறங்களைக் குமிழ் எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதன் சராசரி, அடர்ந்த சிவப்பு ஒன்பதாவதாகத் தனியே நிற்கிறது, சராசரியில் சேராது. 90 போட்ட குமிழும் சிவப்பில் கைவிடலாம், அதற்கு 'மெய்' என்பது பெரிய சொல். பௌதிகத்தில் முறிவுச் சுட்டி (refractive index) படித்த எங்களுக்குச் 'சுட்டி' உறுத்தாது, கணினிக்காரர் எலியை நினைப்பார்கள்.

என் முன்மொழிவு: நிறங்காட்டு எண். பண்புக்கு நிறங்காட்டுதிறன். சேர்த்து 'நிறங்காட்டெண்' என்று எழுதலாம், ஆனால் காட்டெருமை ஞாபகம் வருகிறது. (1936-இல் சென்னையில் கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள். அவர் பக்கத்து ஆட்கள் நாம் ஒரு குமிழுக்குத் தடுமாறுகிறோம்.)

செலவைக் கேட்டவருக்கு: 5000 கெல்வின், நிறங்காட்டு எண் 90-க்கு மேல், இரண்டு குமிழ் போதும். ஒன்றை இடப்பக்க மேலிருந்து சாய்வாகப் படத்துக்கு, மற்றதை வெள்ளைக் கூரைத்தட்டுக்குத் திருப்பி விடுங்கள். எதிர்ப்பக்கம் ஒரு றிஜிபோம் (வெள்ளை நுரைப் பிளாஸ்டிக்) தகட்டைச் சாத்தினால் நிழல் மென்மையாகிவிடும், விளக்குக் குடையெல்லாம் வாங்கத் தேவையில்லை.

அப்புறம், அடர்ந்த சிவப்புக்கான அந்த ஒன்பதாவது எண்ணுக்கு என்ன பெயர் வைப்பது? 'ஆழ்சிவப்பு எண்' தவிர எனக்கு ஒன்றும் வரவில்லை.