அலுமினியப் படகின் உட்புறத்தை மாற்றியமைத்தவர்களின் அனுபவங்கள்

முதல் பகிர்வு

சிறிய அலுமினியப் படகு வைத்திருக்கும் பலரும் விரும்புவது, நடுவிலுள்ள குறுக்கு இருக்கையை எடுத்துவிட்டு, நின்றபடி தூண்டில் வீசத் தட்டையான தளம் ஒன்றை அமைப்பதைத்தான். அந்த இருக்கை உட்காருவதற்காக மட்டும் வைக்கப்பட்டதன்று என்பதை, நண்பர் ஒருவரின் படகைப் பழுதுபார்க்க உதவியபோது நேரில் கண்டேன். முன்பு அதை வைத்திருந்தவர் நடு இருக்கையை அறுத்து எடுத்திருந்தார். ஏறத்தாழ 1.5 மி.மீ. தடிமனே உள்ள பக்கத் தகடுகளைக் குறுக்கே பிடித்து நிறுத்த எதுவும் இல்லாததால், அவை ஒவ்வோர் அலைக்கும் அசைந்து, அடிச் சட்டங்களின் ரிவெட்டுகளைத் தளர்த்திவிட்டிருந்தன. நீர் பல இடங்களில் கசிந்துகொண்டிருந்தது. இருக்கையை எடுத்தே தீர வேண்டுமென்றால், அதன் வேலையைச் செய்யக்கூடிய குறுக்குச் சட்டங்களைத் தளத்துக்கு அடியிலும், பக்கவாட்டுத் தாங்கிகளைச் சுவர்களிலும் பொருத்திய பிறகே எடுக்க வேண்டும்.

அதைவிடவும் நான் வலியுறுத்த விரும்புவது இருக்கைக்குள் அடைக்கப்பட்டிருக்கும் நுரையைப் பற்றியது. படகு முழுவதும் நீர் நிரம்பினாலும் மூழ்காமல் நிற்பது அந்த நுரையால்தான். மிதவைக்குப் பயன்படும் பாலியூரித்தேன் நுரை பொதுவாகக் கன மீட்டருக்கு 32 கிலோ எடையுள்ளது. ஆகவே 100 லிட்டர் நுரை நீரில் முழுகியிருக்கும்போது ஏறக்குறைய 97 கிலோவைத் தாங்கும். எடுத்த நுரையின் கன அளவை அளந்து குறித்துக்கொண்டு, அதற்குக் குறையாமல் வேறிடத்தில் வைக்க வேண்டும். எல்லா நுரையையும் தளத்துக்கு அடியில் திணித்துவிட்டால், நீர் நிரம்பிய படகு எளிதில் தலைகீழாகப் புரண்டுவிடும். பக்கச் சுவர்களை ஒட்டி, இயன்றவரை உயரத்தில் வைத்தால் நிமிர்ந்து மிதக்கும். விழுந்தவர்கள் பற்றிக்கொள்ளவும் இடம் இருக்கும். தெர்மோகோல் வகை நுரை மலிவாகக் கிடைக்கிறது என்றாலும், அது பெட்ரோல் பட்டால் கரைந்துவிடும் என்பதால் டேங்க் இருக்கும் படகில் அதை நான் வைக்க மாட்டேன்.

இரண்டாம் பகிர்வு

என் அனுபவம் மரப்பலகையைப் பற்றியது. பழைய படகு ஒன்றின் தரைவிரிப்பையும் அதன் கீழிருந்த பலகையையும் பெயர்த்தபோது, தகட்டின் மீது வெள்ளைத் தூள் படிந்திருந்தது; அதைச் சுரண்டியதும் ஊசித்துளைகள் தென்பட்டன. செல்லரிக்காமலிருக்கத் தாமிர மருந்து ஏற்றப்பட்ட பலகை அது. ஈரம் சேரும்போது தாமிரம் அலுமினியத்தை அரிக்கிறது. விரிப்போ அந்த ஈரத்தைக் காயவிடாமல் வைத்திருக்கிறது. மருந்து ஏற்றாத மரைன் பிளைவுட்டை, வெட்டிய ஓரங்கள் உட்பட எல்லாப் பக்கங்களிலும் நீர் புகாத எப்பாக்ஸிப் பிசின் பூசிப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை நேராது. வயர் வெட்டும்போது விழும் சிறு தாமிரத் துண்டுகளையும் அன்றன்றே பொறுக்கி எடுத்துவிட வேண்டும்.

எடையையும் கணக்கிடுங்கள். எட்டுக்கு நான்கு அடி அளவுள்ள 12 மி.மீ. பிளைவுட் ஒன்று ஏறத்தாழ 20 கிலோ இருக்கும். படகுக்குக் குறிக்கப்பட்ட சுமை அளவிலிருந்து, நாம் சேர்க்கும் ஒவ்வொரு கிலோவையும் கழித்த பிறகே ஆட்களைக் கணக்கிட வேண்டும். தளத்தின் உயரத்தைப் பொறுத்தவரை நான் கண்டிப்பானவன். அணியத்தில், அதாவது படகின் முன்பகுதியில், தளத்தை உயர்த்தினால், அதன் மேல் நிற்பவரின் எடையும் சேர்ந்து உயரத்துக்குப் போகிறது, படகின் நிலைத்தன்மை குறைகிறது. அகலம் குறைந்த படகில் தாழ்வான தளமே போதும்.

மூன்றாம் பகிர்வு

பேட்டரி வைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மோட்டார் வண்டியில் செய்வதுபோல, படகின் உடலையே எதிர்முனைக் கம்பியாகப் பயன்படுத்தியிருந்த படகை நான் பார்த்திருக்கிறேன். கசியும் மின்சாரம் நீர்மட்டத்துக்குக் கீழே தகட்டை அரித்திருந்தது. ஒவ்வொரு விளக்குக்கும் பம்புக்கும் இரண்டு வயர்களையும் பேட்டரி வரை தனியே கொண்டுவர வேண்டும். நேர்முனை வயரில் பேட்டரிக்கு மிக அருகிலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். தகட்டைத் துளைத்துச் செல்லும் இடங்களில் ரப்பர் வளையம் கட்டாயம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மூடிய தளத்துக்கு அடியில் தேங்கி நிற்கும். ஆகவே டேங்கையும் பேட்டரியையும் ஒரே பெட்டிக்குள் வைக்கக் கூடாது.

நான்காம் பகிர்வு

பழைய நுரையையே மீண்டும் பயன்படுத்தலாமா என்று சிலர் கேட்பதுண்டு. நான் அதிலிருந்து 10 செ.மீ. கனசதுரம் ஒன்றை வெட்டி எடுத்து எடை போட்டுப் பார்ப்பேன். உலர்ந்த நுரையானால் 32 கிராம் அளவில் இருக்கும். நூற்றுக்கணக்கில் காட்டினால் அது நீரை உறிஞ்சிவிட்டது. மொத்தமாக மாற்றிவிட வேண்டியதுதான். புதிய நுரையை வைக்கும்போது அடித்தளத்தின் நடுவே நீர் பின்புறம் ஓடும் வழியை அடைக்காமல் விட்டால், அடுத்த நுரை நெடுநாள் உலர்ந்தே இருக்கும்.